பதறாம வாங்க

ஐம்பது வயது முடிகிற பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று சிங்கப்பூரிலிருந்து என் மகன் சித்தார்த் போனில் கேட்டான். தூக்கம் வேண்டும் என்றேன். அவன் சிரித்தான். இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம்தான் காதில் போட்டுக்கொள்வார்கள்.

என் மாமனார் பிச்சமுத்து ஆறு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது பாத்ரூமில் விழுந்தார். வலது கையும் காலும் அன்றோடு போயின, பேச்சு குழறிவிட்டது. திருச்சி காட்டூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலை ஒட்டி அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பகலில் மட்டுமல்ல, இரவிலும்தான். ஆள் வைத்துப் பார்த்தோம். வந்த பெண்கள் எல்லோரும் அவர் போடுகிற சத்தத்தில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் சிவசங்கருக்குப் பாலக்கரையில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பகலெல்லாம் கடையில் நிற்கிற மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் வேண்டும் அல்லவா? எனக்கு மட்டும் வேண்டாமாம். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

மாமாவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மனுஷியே இல்ல யமுனா, தெய்வம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தெய்வத்துக்காவது மத்தியானம் நடை சாத்துகிறார்கள். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் காலங்காலமாகப் படுத்தே இருக்கிறார், அவரைப் புரட்டிப் போடுகிற வேலை யாருக்கும் இல்லை. தெய்வம் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவளுக்கு ஒரு கை கொடுக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் சங்கதி.

சித்தார்த் சிரித்து முடித்த பிறகு யோசித்திருக்கிறான். அடுத்த வாரம் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினான். இலங்கையில், பண்டாரவளைக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் நாலே அறைகள் உள்ள ஒரு விடுதி. வெள்ளிக்கிழமை காலை போய் ஞாயிறு திரும்பலாம். திருச்சியிலிருந்து கொழும்பு போகிற நேரத்துக்கு, சாயங்கால நெரிசலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம்கூடப் போய்ச் சேர முடியாது.

"அம்மா, அங்க கோயில் குளம்னு எதுவும் சுத்தாத. படு. ரெண்டு நாளும் படு. அதுக்குத்தான் அனுப்புறேன்" என்றான்.

மாமாவை யார் பார்த்துக்கொள்வது? எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் நாத்தனார் சுபலட்சுமியிடம் கேட்டோம். ஆறு வருஷமாக மாதத்துக்கு ஒருதரம் சாத்துக்குடிப் பையோடு வந்து, அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போகிறவள். "என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? எங்கப்பாவ நான் பாத்துக்க மாட்டனா? சந்தோஷமா போயிட்டு வாங்க" என்றாள். வியாழன் மாலையே புருஷன் தர்மராஜைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மருந்து, டயப்பர், கஞ்சியின் பதம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். மாமாவிடமும் போய்ச் சொன்னேன்.

"மாமா, மூணே நாளு. ஞாயித்துக்கிழம வந்துடுவோம். சுபாகிட்ட முரண்டு பண்ணாதீங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை ஆட்டி, போ என்றார்.

விடுதியை நடத்தும் அம்மாவின் பெயர் கேத்தரின். அவருடைய பாட்டனைத் துறையூர்ப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்களாம். பேச்சு நம்மூர்ப் பேச்சாகத்தான் இருந்தது. அறையைத் திறந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு முழுக்கப் பச்சை, அதன் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் போய் மெத்தையின் மேல் கையை வைத்தேன். கை அமுங்கியது. சுத்தமான வெள்ளை விரிப்பு, மூத்திர வாசனை இல்லாத விரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன யமுனா?" என்று பதறினார் இவர்.

"ஒண்ணுமில்லீங்க. மெத்த நல்லாருக்கு."

அன்று இரவு தூங்கினேனா என்றால், இல்லை. உடம்பு பழகிப்போயிருந்தது. வீட்டில் எழுகிற நேரத்துக்கெல்லாம் அங்கேயும் எழுந்தேன். ஒருமுறை இவருடைய தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைக்கப் பார்த்திருக்கிறேன். "என்ன பண்ற நீ" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பரவாயில்லை, முதல் நாள் அப்படித்தான் இருக்கும், நாளைக்கு ஒரு பகலும் ஒரு இரவும் முழுசாக இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை என் பிறந்தநாள். விடிந்ததும் கேத்தரின் அம்மா தேநீரோடு ஒரு சின்ன கேக் கொண்டுவந்து வைத்தார். "ஒங்க மகன் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. இன்னைக்கு யாரும் கதவத் தட்ட மாட்டோம். பசிச்சா நீங்களே வந்து கேளுங்க, இல்லாட்டி தூங்குங்க" என்றார். இந்த வார்த்தைகளை என்னிடம் சொல்ல எனக்குத் தெரிந்த உலகத்தில் ஒருவரும் இல்லாமல், கடல் தாண்டி வர வேண்டியிருந்தது.

திரையை இழுத்துவிட்டுப் படுக்கப் போனேன். அப்போதுதான் இவருடைய போனில் வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. தர்மராஜ்.

தர்மராஜ் எங்களுக்குப் போன் செய்கிற ஆள் இல்லை. எதுவாக இருந்தாலும் சுபாதான் பேசுவாள். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், ஒண்ணும் பயப்படாதீங்க. மாமாவுக்குக் கொஞ்சம் முடியல. நீங்க கெளம்பி வந்துட்டா நல்லாருக்கும்."

"என்ன மாப்ள, என்ன ஆச்சு? சுபாகிட்ட போனக் குடுங்க."

"அவ பேசுற நெலமைல இல்லீங்க. நீங்க பதறாம வாங்க. எதாவது சாப்புட்டுட்டுக் கெளம்புங்க."

பின்னால் சுபா அழும் சத்தம் கேட்டது. இவர் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

எங்கள் ஊரில் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்லவே மாட்டார்கள். என் அப்பா இறந்தபோது "லேசா மயக்கம்" என்றுதான் எனக்குத் தகவல் வந்தது. திருவானைக்காவலில் இறங்கித் தெருமுனையில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெரியப்பாவுக்கு "கால் வழுக்கிருச்சு." சித்திக்கு "சுகர் கொறஞ்சிருச்சு." வீட்டுப் பெண்கள் பேசாமல் மாப்பிள்ளை பேசினால், பின்னால் அழுகை கேட்டால், பதறாமல் சாப்பிட்டுவிட்டு வா என்று சொன்னால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். உயிரோடு இருப்பவருக்காக யாரும் நம்மைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வதில்லை. நாமும் திருப்பிக் கேட்க மாட்டோம். இறந்துவிட்டாரா என்று எந்த வாயால் கேட்பது?

இவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "கடைசி நேரத்துல பக்கத்துல இல்லாமப் போயிட்டனே" என்றார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிறகு எழுந்து வேலையைப் பார்த்தேன். எனக்கு வேலை பார்க்கத்தான் தெரியும். கேத்தரின் அம்மாவிடம் சொல்லிக் காருக்கு ஏற்பாடு செய்தேன். சித்தார்த் அன்றைக்கே டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் தம்பி ஹரிஹரசுதனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, மாமா போயிட்டாருடா. அங்க சுபா அழுதுகிட்டு இருக்கா, அவளால ஒண்ணும் முடியாது. அவளத் தொந்தரவு பண்ணாத, நீயே எல்லாத்தயும் பாரு. பந்தல், சேர், ஐஸ் பெட்டி, சொந்தக்காரங்களுக்குச் சொல்றது. ஓயாமரி சுடுகாட்டுக்கு நாளைக்குக் காலைல எடுக்கலாம். நாங்க சாயந்தரம் வந்துடுவோம்."

"நீ பதறாம வாக்கா. நான் பாத்துக்குறேன்" என்றான் அவனும். அவன் அன்று தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். ஐஸ் பெட்டிக்காரர்களிடம் பெட்டி எதுவும் இல்லையாம், சாயங்காலம்தான் கிடைக்குமாம். சரி, எல்லாம் சாயங்காலம் ஒன்றாக வரட்டும் என்று போனிலேயே ஏற்பாடு செய்திருக்கிறான். காட்டூருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க மாட்டான், நான் சொன்னேன் அல்லவா.

கார் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தது. விடுதியின் வைஃபையை விட்டு வந்ததும் எங்கள் போன்கள் ஊமையாகிவிட்டன. இவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் துண்டு நனைந்துவிட்டது. நானும் அழ வேண்டும் என்று காத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது தூக்கம்.

அப்படி ஒரு தூக்கத்தை நான் தூங்கியதே இல்லை. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் இல்லை, சித்தார்த் பிறப்பதற்கு முன்னால்கூட இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி உள்ளே போய்விட்டேன். வாயைப் பிளந்துகொண்டு, இவர் தோளில் எச்சில் வழியத் தூங்கியிருக்கிறேன். மலைப்பாதையின் வளைவு எதுவும் தெரியவில்லை. கொழும்பில் எழுப்பினார். விமானத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டதும் மறுபடி தூங்கினேன். இனி யாரும் என்னை எழுப்ப மாட்டார்கள் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அந்த நிம்மதி சத்தியமான நிம்மதி.

திருச்சியில் தரை இறங்கும்போது கண்ணைத் திறந்தேன். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தூங்குன" என்றார்.

"ஆமாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போனை ஆன் செய்யவும் அவருக்கு மனசு வரவில்லை. துக்கம் விசாரிப்பவர்களிடம் பேச வேண்டியிருக்கும் என்று பயந்தார். டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனோம்.

தெருவில் திரும்பியதும் பாதி கட்டிய பந்தல் தெரிந்தது. நீலச் சேர்கள் அடுக்கு அடுக்காக இறங்கிக்கொண்டிருந்தன. வாசலில் ஐஸ் பெட்டி வண்டி நின்றது. கண்ணாடி மூடியோடு பெட்டியைப் பாதி வெளியே இழுத்த நிலையில் இரண்டு ஆட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்கு எதிரே சுபா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா? எவன் சொன்னான்? எங்கப்பா உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்காரு, பெட்டியத் தூக்கிட்டு வரீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா?"

என் தம்பி கல்யாண வேட்டியோடு தலையைக் குனிந்து நின்றான். மாலை வாங்கி வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். லால்குடியிலிருந்து வந்த மாரியாயி அத்தை தெருமுனையிலேயே தலைவிரிகோலமாக ஒப்பாரியை ஆரம்பித்து, மாரில் அடித்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டுக் கொண்டையை முடிந்துகொண்டாள். வேறு வீடாக இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். "அப்பா, அப்பா" என்று அழுகிற சத்தம் கேட்டது. நான் டாக்சியின் கதவைப் பிடித்தபடி நின்றேன். என் ஆறு வருஷம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அது அந்த வீட்டுக்குள் அப்படியே படுத்திருந்தது.

"நான் பதமாத்தான அக்கா சொன்னேன்" என்று தர்மராஜ் என்னிடம் வந்து கையைப் பிசைந்தார். "ஒங்களுக்குப் பொறந்தநாளு. பதறக் கூடாதேன்னு மெதுவாச் சொன்னேன். அவரு சாப்புட மாட்டேங்குறாரு, அவ்வளவுதான் விஷயம்."

நாங்கள் கிளம்பிய வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து மாமா வாயைத் திறக்கவில்லையாம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. மாத்திரையும் இல்லை. சுபா கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், மூக்கைப் பிடித்துக்கூடப் பார்த்தாளாம். பல்லைக் கிட்டித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடியே கிடந்திருக்கிறார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாடி நன்றாக இருக்கிறது, ராத்திரிக்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் டியூப் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நீங்க ஊட்டுனாத்தான் சாப்புடுவேன்னு அடம் அண்ணி. நீங்க இல்லாம அவரால இருக்க முடியல" என்று சுபா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தயவுபண்ணி இனிமே எங்கயும் போயிடாதீங்க."

"பெத்த மகள விட மருமக மேல பாசம் பாரு" என்றாள் மாரியாயி அத்தை. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஹாலில் வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்கள். அவர்களுக்கும் வந்ததற்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். சுபா ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து மாமாவைத் தலையணையில் சாய்த்தேன். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜன்னல் வழியாக அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். பெட்டியை மறுபடி வண்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, வாயத் தெறங்க."

திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. இது அடம் இல்லை என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் என் கை தன்பாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தாடையின் அடியில் ஒரு விரலை வைத்து லேசாக வருடிவிட்டால் வாய் தானாக விலகும். எல்லோருக்கும் எப்படியோ தெரியாது, மாமாவுக்கு விலகும். தினம் மூன்று வேளை செய்து செய்து நான் கண்டுபிடித்தது. வருடினேன். வாய் விலகியது. கவளத்தை வைத்தேன். தொண்டை ஏறி இறங்கியது.

"சாப்புட்டுட்டாரு!" என்று இவர் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். ஹாலில் ஆளாளுக்குச் சிரித்தார்கள். யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். "நான்தான் சொன்னன்ல, அவ கை பட்டாப் போதும்" என்றார் மாலையோடு வந்தவர்.

மாமா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். உதடு கோணிக்கொண்டு குழறிக் குழறிப் பேசினார். அவர் பேச்சு இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புரியும். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம்.

"ஏம்மா வந்த?" என்றார்.

நான் பிசைவதை நிறுத்தினேன்.

"நீ இருந்தா முடியாதுன்னுதான் இத்தன நாளு பொறுத்தேன். நீ போனதும் வாயக் கட்டிட்டேன். இன்னும் ரெண்டு மூணு நாளு. அவ்வளவுதான். ஒனக்கும் விடிஞ்சிருக்கும், எனக்கும் விடிஞ்சிருக்கும். ஏம்மா வந்த?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. தோள் குலுங்க அழுதேன். சாவு என்று கேட்டபோது வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. மாரியாயி அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாசம்னா இதான்" என்றாள்.

"என்ன அண்ணி சொல்றாரு?" என்று சுபா குனிந்து கேட்டாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார்.

"ரசத்துல உப்பு கம்மியாம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சுபா உப்பு எடுக்க ஓடினாள். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே பல்லை இறுக்கிக் கடித்தார். அவர் தாடையின் அடியில் விரலை வைத்தேன். வாய் திறந்தது.